தோற்றவனை யார் வாங்குவது

புதூர்நாட்டு மலைச் சந்தையில் காமிக்ஸ் விற்கிறேன் என்று தார்ப்பாய் விரித்த என்னைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். முன்பு வேலை பார்த்த கம்பெனியின் ராத்திரி ஷிப்டில் யாரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. அந்த வகையில் இது தேவலாம். ஆனால் சிரித்தவர்கள் ஒருவரும் வாங்கவில்லை.

கையிலிருந்தது 'தீச்சிறகன்', இரண்டு பாகக் கதை. பிளாஸ்டிக் உறைக்குள் பளபளவென்று கிடந்தது. திருப்பத்தூர் ஏஜெண்ட் பூபாலன் காலையிலேயே போனில் சொல்லிவிட்டார்.

"இன்னைக்கும் போகலன்னா மலைக்கு அனுப்பறத நிறுத்திடுவேன், சின்னதம்பி. நீ பழையபடி கம்பெனிக்கே போய்டு."

கம்பெனிக்குப் போவதைவிடப் பலாக்கொட்டை தின்றே காலம் தள்ளலாம்.

சாமை விற்க வந்த குப்பன் முதல் பாகத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிரிச்சிக் காட்டு."

"பிரிச்சா ஏஜெண்ட் திருப்பி எடுக்க மாட்டாரு மாமா."

பக்கத்தில் பலாப்பழம் விற்ற அம்சவல்லி அக்கா நிமிரவில்லை. "அறுத்துக் காட்டாம எவன் பழம் வாங்குவான்? அதான் கடைய நாய்கூட எட்டிப் பாக்கல."

இந்தச் சந்தையில் அதுதான் வழக்கம். பலாவை அறுத்துச் சுளை தர வேண்டும், புளியை உடைத்துக் காட்ட வேண்டும். அக்காவின் கத்தியையே வாங்கி உறையைக் கிழித்தேன். அட்டையில் பலாப்பால் ஒட்டிக்கொண்டது.

குப்பன் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். சிறகு எரிந்து தீச்சிறகன் பாதாளத்தில் விழுந்துகொண்டிருந்தான்.

"இன்னா, செத்துட்டானா?"

"தொடரும்னு போட்டிருக்குது பாருங்க."

"தோத்தவன நான் எதுக்கு வூட்டுக்குத் தூக்கிட்டுப் போவணும்?"

"அது சொத்த," என்றாள் அக்கா. "அடுத்தத அறு."

இரண்டாம் பாகத்தைக் கிழித்தேன். கடைசிப் பக்கத்தில் வில்லன் தலைகீழாகத் தொங்கினான். ஊரே கைதட்டியது.

"இது பழம்," என்றார் குப்பன். ஒன்று வாங்கினார். பின்னால் நின்றவர்களும் வாங்கினார்கள்.

"பள்ளத்துலருந்து எப்டி ஏறனான்னு தெரிய வேணாமா மாமா? அதுக்கான துப்பு மொதல் பாகத்துலதான் இருக்குது."

"ஏறிட்டான் இல்ல? எப்டின்னு நாங்க பேசிக்கறோம்."

பேசிக்கொண்டார்கள். மதியத்துக்குள் கொடியைப் பிடித்து ஏறினான், கழுகு தூக்கிவிட்டது, விழவே இல்லை நடித்தான் என்று சந்தையில் மூன்று கதைகள் ஓடின. அச்சடித்ததைவிட மூன்றுமே நன்றாக இருந்தன.

இரண்டாம் பாகம் தீர்ந்துவிட்டது. முதல் பாகத்தை ஒருவரும் தொடவில்லை. இன்னும் ஆட்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பூபாலனைக் கூப்பிட்டேன்.

"ரெண்டாம் பாகம் வேணும்ணே. எவ்ளோ இருந்தாலும்."

"ரெண்டாம் பாகமா? இங்க அத சீண்ட ஆள் இல்ல. மொத நம்பர்னா பின்னாடி வெல ஏறும்னு வாங்கி, பிரிக்காம பீரோல வெக்கறானுங்க. மொதல் பாகம் கேட்டு என் உயிர எடுக்கறானுங்க. ரெண்டாவது பரண் முட்ட கெடக்குது."

"மொதல் பாகம் பூரா ஜீப்புல ஏத்தி விடறேன். நீங்க பரணக் காலி பண்ணுங்க."

"வேற ஹீரோ கதைங்கள்லயும் ரெண்டாம் பாகம் தேங்கிக் கெடக்குதுப்பா," என்றார். குரலில் வெல்லம். "எல்லாத்தயும் கட்டறேன். ஒண்ணுல மட்டும் கடைசில ஹீரோ செத்துடறான். பரவால்லயா?"

"அத அங்கயே வெச்சிக்கங்கண்ணே."