அக்காவின் பெட்டியும் பன்னிரண்டு டிகிரியும்

"பெல்ட்டைக் கழட்டி வெச்சுட்டு வாங்க. காம்பஸ் பக்கத்துல இரும்போட வரக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றாள் படகின் சுக்கானைப் பிடித்திருந்த என் மனைவி.

கழற்றினேன். ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அவளுக்குத் தேநீர் கொடுத்தேன். படகு துறைக்குத் திரும்பும்வரை அப்படியேதான் நின்றேன். மறுநாள் காலை பல் துலக்கும்போது மூளையில் ஒரு நரம்பு வெடித்து அவள் போய்விட்டாள். முப்பத்தொரு வருடத் தாம்பத்தியத்தில் அவள் என்னிடம் கடைசியாகக் கவனித்தது என் இடுப்பைத்தான். அதுவும் காதலால் அல்ல.

படகு அவளுடையது. நான் அதில் புத்தகம் படித்துக்கொண்டு வரும் சுமை. சுக்கானைப் பிடித்துக் களைத்தால், பதினோரு வருடங்களுக்கு முன் தானே மாட்டிய, படகைத் தானாக ஓட்டும் கருவியிடம் விட்டுவிடுவாள். அதற்கு 'மருமகன்' என்று பெயர் வைத்திருந்தாள். வாயைத் திறக்காமல் தன் போக்கில் போகிறது என்பது காரணம். எங்கள் நிஜ மருமகனுக்கு இது தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அவள் போன மூன்றாவது மாதம் படகில் இருந்த மருமகனுக்குப் புத்தி பேதலித்தது. வடக்கே போகச் சொன்னால் ஒழுங்காகப் போனான். தீவு இருக்கும் கிழக்கே போகச் சொன்னால், திரையில் தொண்ணூறு டிகிரி என்று சத்தியம் செய்துகொண்டே சிப்பி வளர்ப்புக் கம்பங்களுக்குள் புகப் பார்த்தான். எனக்கு வலது தோள் சரியில்லை. பத்து நிமிடத்துக்கு மேல் சுக்கானைப் பிடிக்க முடியாது. விஷயம் மகளின் காதுக்குப் போயிற்று.

"அப்பா, ஞாயித்துக்கிழமை என்னையும் ஏத்திக்கிட்டு தீவுக்கு நேரா போய்க் காட்டுங்க. முடியலன்னா படகை வித்துடலாம். அம்மாவோட போதும். உங்களையும் பறிகொடுக்க என்னால முடியாது."

விற்றால் எனக்கு வீடுதான் மிச்சம். வீட்டில் என் மனைவி அதிகம் பேசமாட்டாள். என்னைத் திட்டியதெல்லாம் படகில்தான்.

படகுகளுக்கு மின்வேலை செய்பவனைக் கூப்பிட்டேன். துறையில் எல்லாரும் அவனை ஃபியூஸ் என்பார்கள். அவன் என் மனைவியை அக்கா என்றும் அந்த உறவில் என்னை மாமா என்றும் அழைப்பவன். வந்தான், கீழ் அறையில் கட்டிலுக்கு அடியில் தன் கருவிப் பெட்டியை வைத்தான், எதையெதையோ தட்டிப் பார்த்தான். கிழக்கே போனோம். அம்பு மாதிரி போயிற்று. அவன் இறங்கிப் போன மறுநாள் மறுபடியும் கம்பங்கள். திரும்ப வந்தான், திரும்பவும் அம்பு.

"என்மேல பாசம்னா நேரா கூப்பிடுங்க மாமா. மிஷினை ஏன் சாக்கு சொல்றீங்க?"

மூன்றாவது முறை வந்தபோது, துறையில் கிழக்கு நோக்கிக் கட்டிக் கிடந்த படகிலிருந்து, இரும்போ காந்தமோ இருக்கும் என்று ஸ்பீக்கர், தகர டப்பாக்கள், என் கண்ணாடிக்கூடு எல்லாவற்றையும் கரையேற்றினான். திரையில் திசை காட்டும் எண் அசையவில்லை. பிறகு மேலே ஏதோ முடுக்குவதற்காகக் கட்டிலுக்கு அடியில் வழக்கம்போல வைத்திருந்த பெட்டியை எடுத்தான். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறு, நூற்றிரண்டாயிற்று.

"திரும்ப வை."

தொண்ணூறு.

"எடு."

நூற்றிரண்டு.

யாருடைய பெட்டி என்று நான் கேட்கத் தேவையில்லை. அவன் கருவிகளைப் போட்டு வந்த பிளாஸ்டிக் பையை அவள் கேலி செய்துகொண்டே இருப்பாள். அவள் போன மூன்றாவது மாதம் அவளுடைய இரும்புப் பெட்டியை நான்தான் அவனுக்குக் கொடுத்தேன்.

ஃபியூஸ் படியில் உட்கார்ந்தான். "கட்டிலுக்கு அடியிலதான் மாமா காம்பஸ் சென்சார் இருக்கு. புதுசா மாட்டினதும் படகை மெதுவா ரெண்டு வட்டம் சுத்தணும். சுத்தி என்ன இரும்பு இருக்குன்னு பார்த்து அது தன் கணக்கைச் சரி பண்ணிக்கும். அக்கா சுத்தினப்ப பெட்டி அங்கேயே இருந்திருக்கு. அதையும் படகோட சேர்த்து எடுத்துக்கிச்சு. இப்ப பெட்டி இல்ல, அதான் தப்புத் தப்பா காட்டுது."

"அப்ப பதினோரு வருஷமா காம்பஸ் பக்கத்துல இரும்பு வெச்சிருந்தது..."

"அக்காதான்."

"என் பெல்ட்டு?"

"மூணடி தள்ளி நின்னா பெல்ட்டு என்ன பண்ணும்? யாரு சொன்னா அப்படி?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது. எங்கள் தாம்பத்தியத்தில் நான் ஜெயித்த ஒரே சண்டை அது. சொல்லிக் காட்ட ஆள் இல்லை.

ஃபியூஸ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "பெட்டியைத் திருப்பித் தந்துடறேன் மாமா. இருந்த இடத்துல வெச்சா போதும். வேற எதையும் தொட வேணாம்."

வைத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அவள் செய்த கணக்கு அப்படியே இருக்கும்.

"வேணாம்" என்றேன். "அவ இல்லாம தடுமாற இந்தப் படகுல நான் ஒருத்தன் போதும். வட்டம் போடுவோம்."

பெட்டியைத் துறையில் இறக்கி வைத்துவிட்டு, அலையில்லாத இடத்தில், ஒரு வட்டத்துக்கு மூன்று நிமிடம் வீதம் இரண்டு வட்டம் போட்டோம். அவளைத் தவறு என்று காட்ட எனக்குத் தேவைப்பட்டது மொத்தம் ஆறு நிமிடம்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பரீட்சை அறைக் கண்காணிப்பாளர்போல என் பக்கத்தில் நின்றாள். கம்பங்கள் வெகு தூரத்தில் ஒதுங்கிப் போயின. தீவின் முனை படகின் மூக்குக்கு நேராக வந்தது. அவள் கைப்பேசியை அணைத்தாள்.

"சரி. விக்க வேணாம். தனியா போனா லைஃப் ஜாக்கெட் போடணும்."

"போடறேன்."

"ஏன் நின்னுக்கிட்டே வர்றீங்க? அதான் மருமகன் ஓட்டறாரே. உக்காருங்கப்பா."

உட்கார்ந்தேன். என் மனைவி என்னைவிட நான்கு அங்குலம் உயரம். சுக்கானுக்கு முன்னால் இருக்கும் நாற்காலியின் திருகு அவள் உயரத்தில் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. ஃபியூஸாலும் அதை அசைக்க முடியவில்லை. உட்கார்ந்தால் என் கால் தரைக்கு எட்டாது.