ரேணுகா கேட்ட அழுகை

மத்தியானம் உப்பளத்திலிருந்து திரும்பும்போதெல்லாம் பொன்னியின் காதில் முதலில் விழுவது பக்கத்து வீட்டுக் குறட்டைதான். ரேணுகாவின் புருஷன் தட்சணாமூர்த்தி அப்படித் தூங்குவார். அவருக்கும் புற்றுநோய், பொன்னியின் புருஷன் ஆதிமூலத்துக்கும் புற்றுநோய். இவரோ சுவரில் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தே கிடப்பார். பொன்னிக்கு வயிறு பற்றி எரியும்.

எல்லாம் வலியை அடக்கும் மார்ஃபின் மாத்திரை செய்கிற வேலை. மரக்காணத்து மருந்துக் கடைகளில் அது கிடைக்காது. போதைக்கு அலைகிறவன் கைக்குப் போய்விடுமென்று சட்டம் அதைக் கட்டிக் காக்கிறது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் நேரில் பார்த்து, எவ்வளவு வலி என்று கேட்டு எழுதினால்தான் உண்டு. தட்சணாமூர்த்தி லாரி ஓட்டியவர். வலித்தால் ஊரைக் கூட்டுவார். டாக்டர் முன்னாலும் கூட்டினார், வாங்கி வந்தார். ஆதிமூலம் அதே ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "பரவாயில்லைங்க" என்றார். உப்பு வாருகிறவர்களின் வாயில் ஊறிய சொல் அது. பாதம் வெடித்து ரத்தம் வந்தாலும் மேஸ்திரியிடம் வலி என்று சொல்லக் கூடாது. சொன்னால் மறுநாள் வேலைக்குக் கூப்பிடமாட்டார். டாக்டர் சாதாரண மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்.

கூச்சத்தை விட்டு, ஒரே ஒரு மாத்திரை தரச்சொல்லி ரேணுகாவிடம் கேட்டாள் பொன்னி. அவள் தரவில்லை. காலி அட்டையைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது தருவார்களாம். கணக்கு இடித்தால் தன் புருஷனுக்கும் நிறுத்திவிடுவார்களாம்.

"மாமாவக் கூட்டிக்கினு வாக்கா. நாளைக்கு நானும் அங்கதான் போறேன்."

பெரிய மகராசி, வழி காட்டுகிறாளாம் என்று கருவிக்கொண்டேதான் பொன்னி மறுநாள் பஸ் ஏறினாள்.

எவ்வளவு வலி என்று டாக்டரம்மா கேட்டார். ஆதிமூலம் நிமிர்ந்து உட்கார்ந்து மறுபடியும் "பரவாயில்லைங்க" என்றே சொன்னார். கட்டினவரைப் பொய்யர் என்று சொல்லப் பொன்னிக்கு வாய் எழவில்லை. கூடவே உள்ளே வந்திருந்த ரேணுகா முந்திக்கொண்டாள்.

"பொய் சொல்றாரும்மா. அக்கா வேலைக்குப் போனதும் துண்டை வாயில அடைச்சிக்கினு அழுவுறாரு. செவுத்துக்கு இந்தாண்ட எனக்குக் கேக்குது."

ஆதிமூலம் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா எழுதிவிட்டார்.

மாத்திரை கைக்கு வந்தும் பொன்னிக்குச் சந்தோஷம் வரவில்லை. குறட்டைக்குப் பட்ட பொறாமையெல்லாம் இதன்முன் ஒன்றுமே இல்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குக் காட்டாத அழுகையை, சுவருக்கு அந்தப் பக்கத்துக்காரி கேட்டிருக்கிறாள். பஸ்ஸில் ரேணுகாவுக்கு முகம் கொடுக்காமல் புருஷனிடம் கேட்டாள்.

"ஏன்யா, எங்கிட்ட அழுதா இன்னா?"

"நீ வேலைக்குப் போவாம நின்னுடுவே."

"நின்னா நிக்கிறேன். அழுவறதா இருந்தா எங்கிட்ட அழு."

அவர் சரி என்று தலையாட்டினார். ஆனால் மாத்திரை நன்றாக வேலை செய்தது. கண்மூடிய நாள்வரை ஆதிமூலம் அழவே இல்லை.