கறுப்புச் சட்டத்துக்குள் என் முகம்

முதல் படத்தில் கொள்ளைத் தலைவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கூரையிலிருந்து குதித்தேன். அதோடு படம் முடிந்துவிட்டது. நான் செத்தேனா பிழைத்தேனா என்று இருபத்தொன்பது வருஷமாக மீன்கடைக்காரர் முதல் பல் டாக்டர் வரை கேட்டுவிட்டார்கள். எனக்கென்ன தெரியும்? எழுதினவனைப் போய்க் கேளுங்கள் என்பேன்.

ஒருவழியாக இரண்டாம் பாகம் எடுக்கிறோம், வாருங்கள் என்றார்கள். ஐம்பத்தேழு வயதில் நாலு மாதம் எங்கள் ஊர் கவ்லூன் பூங்காவில் காலைத் தூக்கிப் பழகினேன். விட்ட சண்டையை இந்த முகத்தோடு போட்டு முடிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

முதல் நாள் பூஜைக்கு வழக்கம்போல முழுசாகச் சுட்ட பன்றியை வெட்டினார்கள். ஊதுபத்தியைச் செருகிவிட்டுப் படப்பிடிப்புக் கொட்டகைக்குள் போனால், முதல் காட்சிக்கு ஒரு பூஜை மேசை, அதன் நடுவில் கறுப்புச் சட்டம் போட்டு என் போட்டோ. கதைப்படி நான் செத்துப் பத்து வருஷமாம்! என் மகள்தான் கதாநாயகியாம். முதல் படம் வந்தபோது பால்குடி மாறாத பயலாக இருந்த இயக்குநர் தாங், இரண்டு கையாலும் காசு போட்ட சிவப்பு உறையை நீட்டினான். பிணமாக நடிக்கிறவருக்கும், இப்படிச் சட்டத்துக்குள் போகிறவருக்கும் தோஷம் போக அதைக் கொடுத்தாக வேண்டும். அவர் வாங்காதவரை எங்கள் ஆட்கள் ஒரு விளக்கைக்கூடப் போட மாட்டார்கள்.

நான் கையை நீட்டவில்லை.

"வாங்கிக்கங்க ஃபாங் அக்கா, எல்லாரும் காத்திருக்காங்க" என்றான் தாங்.

"ஜனங்க இருபத்தொம்பது வருஷம் காத்திருந்தாங்கப்பா. நீ இன்னிக்கு ஒரு நாள் காத்திரு."

விளக்குக்காரர் கெய் அண்ணன் கையுறையைக் கழற்றிவிட்டு டீயோடு உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். தாங் கெஞ்சினான், அதட்டினான், யாரும் அசையவில்லை. மதியத்துக்குள் பன்றியும் தீர்ந்தது. உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டான். ஒரே ஒரு உதை, என் முகத்தோடு என்றேன்.

தலையைச் சொறிந்தான். கதாநாயகிக்கு உதை சரியாக வரவில்லையாம். அவள் உடுப்பில், அவளைப் போலப் பொய்முடி வைத்து, காமராவுக்கு முதுகைக் காட்டி நான் உதைக்கலாமாம். என் சாவுக்கு நானே பழிவாங்க வேண்டும், அதுவும் அடுத்தவள் பேரில்! ஆனால் காமரா முன்னால் நிற்க வேறு வழி? உறையை வாங்கிக்கொண்டேன். விளக்குகள் எரிந்தன.

"உதைச்சதும் அப்படியே நில்லுங்கக்கா. முகத்த மட்டும் திருப்பிடாதீங்க."

உதைத்தேன். எதிராளி பெட்டிகள் மேல் போய் விழுந்தான். நான் திரும்பிக் காமராவைப் பார்த்தேன்.

தாங் தலையில் அடித்துக்கொண்டு இன்னொரு தடவை என்றான். இன்னொரு தடவையும் உதைத்தேன், திரும்பினேன். மூன்றாவது தடவை முட்டி விண்ணென்று தெறித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உதைத்துவிட்டுப் பொய்முடியையும் பிடுங்கி எறிந்தேன். நிறுத்து நிறுத்து என்று தாங் கத்திக்கொண்டே இருந்தான். கெய் அண்ணன் விளக்கை என் முகத்துக்கு நேராகத் திருப்பினார்.