கெல்லருக்குப் பிள்ளையில்லை

கறிவேப்பிலைக் கட்டுகளுக்கு மேலே, கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த தன் கணவனின் முகத்தை அற்புதராணி நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பசை நல்ல பசை. நாடிவரைக்கும் கிழிந்து வந்த தாள் மீசையோடு நின்றுவிட்டது. றெமிஜியஸ் செத்து முழுதாக ஒரு நாள் ஆகவில்லை. அதற்குள் மனிதரைப் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பல் முழுக்க ஒட்டிவிட்டார்கள்.

கடைக்காரர் வாழைப்பூவும் கையுமாக வெளியே ஓடிவந்தார்.

"அக்கா, என்ன செய்யிறியள்? அது அண்ணையின்ர அறிவித்தலல்லோ?"

"ஓம். அதாலைதான் கிழிக்கிறன்."

புருஷனைப் பறிகொடுத்தவள் அடக்கம் முடியும்வரை வீட்டுக்குள் இருக்க வேண்டும், வருகிறவர்களின் கையைப் பிடித்து அழ வேண்டும், மிச்ச அலுவலை ஆம்பிளைகள் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்துச் சட்டம் இது. விசா இல்லாமலே பாரிசுக்கு வந்து சேர்ந்து, இங்கே நிரந்தரமாகக் குடியிருக்கிறது. அற்புதராணிக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டுதான் மீசையையும் சுரண்டினாள்.

அவளுக்குப் படத்தோடு ஒரு கோபமும் இல்லை. படத்துக்குக் கீழே இருந்த எழுத்தோடுதான் கோபம். 'யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் பாரிஸை வதிவிடமாகவும் கொண்டவரும், ஜெர்மன் நாட்டுக் கெல்லர் பரம்பரையின் வாரிசுமாகிய திரு. றெமிஜியஸ் கெல்லர்.' எழுதியது கணவரின் தமையன் அல்பிரட். பாரிசுக்கு வெளியே செவ்ரானில் இருந்து தொலைபேசியில் சொல்லியே அச்சடிப்பித்து, ஆள் விட்டு ஒட்டுவித்தும் விட்டார். அவளிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

டச்சுக்கார ஒல்லாந்தர் காலத்தில் கொம்பனிச் சிப்பாயாக யாழ்ப்பாணம் வந்து, காணி வாங்கித் தங்கிவிட்ட மார்ட்டின் கெல்லர் என்ற ஜெர்மன்காரன்தான் தங்கள் மூதாதை என்பது அந்தக் குடும்பத்தின் வேதம். ஊரில் அவர்கள் இருந்த காணிக்குக் கெல்லர் வளவு என்றுதான் பெயர். போதாததற்கு அல்பிரட்டுக்குக் கொஞ்சம் பூனைக்கண். யாராவது சாதி அறிய மெல்லத் தூண்டில் போட்டு, "நீங்கள் எந்த ஆக்கள்?" என்று கேட்டால், "நாங்கள் ஜெர்மன் ஆக்கள்" என்பார். கேட்டவன் அதற்கு மேல் என்ன கேட்பான், வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணியைக் குடிக்க வேண்டியதுதான்.

அதை ஆவணத்தோடு நிரூபிக்கச் சொல்லி றெமிஜியசை ஏவிவிட்டவரும் அவரேதான். உணவகக் குசினியில் முப்பது வருஷம் நின்ற மனிதருக்கு ஓய்வு கிடைத்ததும் அதுவே தொழிலாகிப் போயிற்று. கீழ்வீட்டு மரியான், நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வெடுத்தவள், பழைய கையெழுத்தை வாசிக்கக்கூடியவள். இரண்டு பேரும் ரயிலேறி ஜெர்மனியில் ஒரு குக்கிராமத்துக்குப் போய், கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில் மார்ட்டின் கெல்லரைக் கண்டுபிடித்தார்கள். அங்கே இன்னும் கெல்லர் என்ற பெயரில் ஒரு குடும்பம் இருந்தது. பிளம்ஸ் கேக் வெட்டிக் கொடுத்துப் படமும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் செவ்ரானில் அல்பிரட்டின் வரவேற்பறையில் மாதாவுக்குப் பக்கத்தில் ஏறியது. அன்றைக்கு ஆட்டிறைச்சியும் விஸ்கியுமாக ஒரே அமர்க்களம்.

கதையின் மற்றப் பாதி அடுத்த குளிர்காலத்தில், ஒல்லாந்திலிருந்து கிடைத்தது. யாழ்ப்பாணக் கோயிலின் அடக்கப் பதிவில் கெல்லரின் மனைவியும் இரண்டு கைக்குழந்தைகளும் இருந்தார்கள். அதற்குப் பிறகு அவனுக்குக் கலியாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. தோம்பு என்கிற காணிப் பதிவில் கெல்லர் வளவின் அடுத்த உரிமையாளராக எழுதியிருந்தது ஒரு பெண்ணின் பெயர்: 'மேற்படி கெல்லரால் விடுதலை செய்யப்பட்ட அடிமை சின்னாள், கணவனும் இரு புதல்வரும் உளர்.' அந்தப் புதல்வர் இரண்டு பேரும் கெல்லர் வீட்டுக்கு வரும்போதே நடக்கிற பிள்ளைகளாம். காணியோடு அவன் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள்.

றெமிஜியஸ் அதைக் குசினியில் நின்றுதான் மனைவிக்குச் சொன்னார்.

"கெல்லருக்குப் பிள்ளையில்லை, அற்புதம். நாங்கள் சின்னாளின்ர பிள்ளையள்."

அவளுக்கு அப்போது வெட்கமாக இருந்தது. "உதை ஏன் வெளியிலை சொல்லுறியள்?" என்றுகூடக் கேட்டாள். ஆனால் அவர் எல்லோரிடமும் சொன்னார். பூசை முடிந்து வாசலில் நிற்கிறவர்களுக்குச் சொன்னார், முடிவெட்டுகிறவனுக்குச் சொன்னார், கேட்காதவர்களையும் பிடித்து வைத்துச் சொன்னார். ஜெர்மன்காரனைப் பற்றிப் பேசும்போது வராத ஒரு துள்ளல் சின்னாளைப் பற்றிப் பேசும்போது வந்தது. வாங்கி விற்கப்பட்ட ஒரு மனுசி தன் பெயரில் காணி எழுதுவித்துவிட்டுத்தான் செத்திருக்கிறாள், இதைவிட என்ன பெருமை வேண்டும் என்பார். அவர் சொல்லச் சொல்ல அவளுடைய வெட்கமும் போய்விட்டது. அல்பிரட் மட்டும், தம்பிக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஊருக்குச் சொல்லிவைத்தார்.

ஆஸ்பத்திரியில், நெஞ்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, றெமிஜியஸ் ஒட்சிசன் மூடியை விலக்கிவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்னைச் சின்னாளின்ர பேரோடை அனுப்பிவிடும். அண்ணை கெல்லரைப் போடுவார். விட்டிடாதையும்."

விடுகிறேனா பார்ப்போம் என நினைத்தபடி அற்புதராணி ரூ லூயி-பிளாங் தெருவில் இறங்கி நடந்தாள். கையில் கிழித்த தாள்கள் ஒரு கத்தை சேர்ந்திருந்தன. அவற்றை அப்படியே தவரத்தினத்தின் அச்சகத்து மேசையில் போட்டாள்.

"புதுசா அடியும், தம்பி. நான் சொல்லுறன், நீர் எழுதும்."

தவரத்தினம் எழுதினார். 'மார்ட்டின் கெல்லரின் வீட்டில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற சின்னாளின் வழிவந்தவரும்' என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது.

"அக்கா, கோவிக்கப்படாது. அடிமை எண்ட சொல்லை மட்டும் எடுத்துவிடுவமே? சனம் ஒரு மாதிரிப் பாக்கும்."

"எடுக்கிறதெண்டால் உந்த 'அன்பு' எண்டதை எடும். அஞ்சு தரம் போட்டு வைச்சிருக்கிறீர். அன்பு மகன், அன்புக் கணவர், அன்புச் சகோதரன். அடிமை எண்ட சொல்லிலை கை வைக்காதையும்."

தாள் சூடாக வந்து விழுந்தபோது தவரத்தினமே பசை வாளியைத் தூக்கிக்கொண்டு அவளோடு தெருவில் இறங்கினார். மரக்கறிக் கடை, தொலைபேசிக் கடை, பயணச்சீட்டு விற்கிற கடை என்று ஒன்றையும் விடவில்லை. ஒட்டி முடித்துத் திரும்பிப் பார்க்கும்போது ஒவ்வொரு கண்ணாடிக்கு முன்னாலும் இரண்டு பேர் நின்று வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னேரம் அல்பிரட் வந்தார். ரூ பஜோல் தெருவில் அவள் வீட்டுக் கூடத்தில் உறவுச் சனம் நிறைந்திருந்தது. மேலங்கியைக்கூடக் கழற்றாமல் அவள் முன்னால் வந்து நின்றார்.

"உனக்கு விசரே, பிள்ளை? என்ர தம்பியை நடுத்தெருவிலை அடிமை எண்டு எழுதி ஒட்டியிருக்கிறாய்!"

"அவரை எழுதேல்லை, அத்தான். சின்னாளைத்தான் எழுதினது. அவர் சொல்லிப்போட்டுப் போனவர்."

"அவன் சாகக்கிடக்கேக்கை ஆயிரம் சொல்லுவான். இருக்கிற ஆக்கள் நாங்கள் யோசிக்க வேணும். என்ர பேத்திக்குக் கலியாணம் பேசி முடியிற நேரம். மாப்பிளை வீட்டுக்காரர் சாமான் வாங்க லா சப்பலுக்குத்தான் வாறவை."

"வாசிக்கட்டும்."

"பெரியப்பா," என்றாள் மகள் அஜந்தா. பாரிசில் பிறந்தவள், கோபம் வந்தால் தமிழ் அவளை விட்டு ஓடிவிடும். "ஸே வ்ரே, ஊ ஸே பா வ்ரே?" உண்மையா, உண்மையில்லையா என்று கேட்டாள்.

அல்பிரட் அவளைப் பார்க்கவில்லை. கதிரையில் உட்கார்ந்தார். பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"நீ பிறகு வாழ வந்தனி, அற்புதம். சின்னனிலை எங்களை வாசலிலை நிப்பாட்டித் தண்ணி தந்த வீடுகளை நீ காணேல்லை. சிரட்டையிலை தந்தவை. அந்தக் கெல்லர் எண்ட ஒரு கதைதான் எங்களை நிமிர்த்தி வைச்சது. அதையும் நீ புடுங்கி எறிஞ்சு போட்டாய்."

அவளுக்கு அது தெரியாது. றெமிஜியஸ்கூட ஒருநாளும் சொன்னதில்லை. இந்தக் கிழவர்மேல் வந்த கோபமெல்லாம் எங்கே போய் விழுவதென்று தெரியாமல் தடுமாறியது. ஆனாலும் அவள் அசையவில்லை.

"தண்ணியைச் சிரட்டையிலை தந்தவைதான் வெக்கப்பட வேணும், அத்தான். நாங்கள் ஏன் ஒளிக்க வேணும்?"

அல்பிரட் எழுந்துவிட்டார்.

"சரி. பெட்டி தூக்க நாலு பேர் வந்தால் பெரிய காரியம். பூசையிலை ஆர் இருக்கினம் எண்டு பாப்பம்."

அந்தச் சொல் சரியான இடத்தில் போய்க் குத்தியது. வாழ்க்கை முழுக்க ஊரின் நல்லது கெட்டது ஒன்றையும் தவறவிடாத மனிதர் றெமிஜியஸ். அவருடைய பெட்டி ஆளில்லாத வாங்கு வரிசைகளுக்கு முன்னால் கிடப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர் போனபின் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, அன்றைக்கு முதன்முறையாக, வாய்விட்டு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, யாராவது கிழித்திருந்தால் திரும்ப ஒட்டுவதற்கென்று இன்னும் ஒரு கட்டுத் தாள்களுக்குத் தவரத்தினத்தைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

அடக்கத்தன்று கோயில் வெறுமையாக இருக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் பாதி, புதினம் பார்க்க வந்தவர்கள் பாதி. எதற்கு வந்தாலும் வாங்குகள் நிறைந்திருந்தன, அது போதும். மரியான் கறுப்புத் தொப்பியோடு மூன்றாம் வரிசையில் இருந்தாள். தவரத்தினம் திருநீற்றைத் துடைக்காமல் கடைசித் தூணோடு நின்றார். முதல் வாங்கில், யாரும் எதிர்பார்க்காதபடி, அல்பிரட் உட்கார்ந்திருந்தார். வராமலிருக்க அவரால் முடியவில்லை. கூடப்பிறந்த ஒரே தம்பி. கண் வீங்கிச் சிவந்திருந்தது.

அவர் சும்மா வரவில்லை என்பது மன்றாட்டு நேரத்தில்தான் தெரிந்தது. மேடைக்கு ஏறியவர் கோயில் சபைக்காரர், அல்பிரட்டின் சினேகிதர். கையில் அல்பிரட் கொடுத்த தாள்.

"இக்குடும்பத்தில் மரித்தோர் அனைவருக்காகவும். தந்தை சூசைப்பிள்ளைக்காகவும், தாய் எலிசபெத்துக்காகவும், மூதாதை மார்ட்டின் கெல்லருக்காகவும், ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயில் பதில் சொன்னது.

அற்புதராணி எழுந்தாள். அஜந்தா அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்தாள், பிறகு விட்டுவிட்டாள். கைப்பை தோளில் தொங்க, பெட்டியைச் சுற்றிக்கொண்டு அவள் மேடைக்கு ஏறினாள். சபைக்காரர், பூசை வைத்த சுவாமியாரைப் பார்த்தார். சுவாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

ஒலிவாங்கி அவளுக்கு உயரமாக இருந்தது. அதைப் பிடித்து இழுத்துப் பதித்தாள். கிறீச்சென்று ஒரு சத்தம் கோயில் முழுக்கப் போய் வந்தது.

"கெல்லரின் வீட்டில் அடிமையாயிருந்த சின்னாளுக்காக," என்றாள். "எங்கள் எல்லாருக்கும் தாயான சின்னாளுக்காக, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

ஒருவரும் பதில் சொல்லவில்லை. வாங்கு ஒன்று முனகியது. யாரோ இருமினார்கள். அவள் இறங்கவில்லை. பாட்டுக்காரப் பெண்கள் தாளைப் புரட்டினார்கள், ஆர்மோனியக்காரர் அடுத்த பாட்டின் சுரத்தைத் தொட்டுப் பார்த்தார். அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். சுரம் நின்றது.

"சின்னாளுக்காக," என்றாள் மறுபடி, முன்னையதைவிட உரத்து. "ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல் தனியாக வந்தது. "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." யாரென்று தெரியவில்லை. அதன் பிறகு இரண்டு மூன்று குரல்கள், பிறகு பெண்கள் பக்கம் முழுக்க, கடைசியாக, வேண்டாவெறுப்பாகவும் பழக்கத்தினாலும், ஆண்கள் பக்கம். அல்பிரட் வாயைத் திறக்கவில்லை. பெட்டியைப் பார்த்தபடி இருந்தார்.

அற்புதராணி ஒலிவாங்கியைச் சபைக்காரரின் உயரத்துக்குத் தூக்கிவிட்டுப் படியிறங்கினாள். முதல் வாங்கில் அல்பிரட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அவர் நகர்ந்து கொடுக்கவில்லை, அவள் கேட்கவுமில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கொஞ்ச இடத்தில், அவருடைய தோளோடு தோள் முட்ட உட்கார்ந்தாள்.