ஏழு அங்குலம்

“முதல் வரிசைக் கல்லைப் போடக் கூடாது.”

சொல்லிவிட்டாள் ஷாலினி. சங்கத்து மாடிக்கு ஏறும் இரும்பு ஏணி வரைக்கும் கூடவே வந்த அம்மா முப்பிடாதியம்மாள், “என்ன வேணாலும் பேசு ஏட்டி. முதல் வரிசைய மட்டும் எடுக்கச் சொல்லிராத. ஒங்கப்பா தாங்கமாட்டாவ” என்று துப்பட்டாவைப் பிடித்து இழுத்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். சரி சரி என்று தலையாட்டிவிட்டு ஏறியவள், உட்காரக்கூட இல்லை. தோளில் தொங்கிய பெரிய பையைக் காலடியில் போட்டாள், முதல் பேச்சாக அதையே போட்டு உடைத்தாள்.

தாராவியில் ஞாயிற்றுக்கிழமை என்பது ஆபீசுக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான். கீழே தோல்பை தைக்கும் பட்டறையில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதனால் மேலே சங்கத்தின் பலகைத் தரை உள்ளங்காலுக்குள் விடாமல் நடுங்கியது. பத்துப் பதினைந்து ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தார்கள். எல்லாருமே திருநெல்வேலிப் பக்கம் வடகல்லூரணி கீழத்தெருவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். தலைவர் பூதத்தான் டீ கிளாஸை வாயருகில் பிடித்தபடியே நின்றுவிட்டார். கடைசி நாற்காலியில் இருந்த அவளுடைய அப்பா வெயிலுமுத்து மட்டும் நிமிரவில்லை. அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் அளவு டேப்பை வெளியே எடுத்துச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். முப்பத்தெட்டு வருஷமாகத் தோல் வெட்டுகிற கட்டிங் மாஸ்டர். கை சும்மா இருக்காது.

சுவரில் ஒரு கருங்கல் பலகை சாய்த்து வைத்திருந்தது. மினுமினுவென்று மெருகேற்றிய கல்லில், ‘வெயிலுமுத்து – முப்பிடாதியம்மாள், தாராவி, மும்பை’ என்று வெட்டி வெள்ளை பூசியிருந்தார்கள். மாதிரிக்கு என்று கல்பட்டறை கரீம் பாட்சா நேற்றுத்தான் கொண்டுவந்து வைத்தது. அவரும் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்தான்.

“என்ன தாயி சொல்லுத?” என்றார் பூதத்தான். “அந்தத் தரைக்குப் படம் போட்டுத் தந்ததே நீதான?”

“நான்தான் பெரியப்பா. தப்பாப் போட்டுட்டேன்.”

அதுதான் அவளை ஒன்பது நாளாக உட்காரவிடாமல், தூங்கவிடாமல் துரத்திக்கொண்டிருந்தது.

வடகல்லூரணிச் சிவன் கோவில் ஒரே நாளில் கட்டிய கோவில் அல்ல. கருவறையும் அதை ஒட்டிய சின்ன மண்டபமும் பாண்டியர் காலம். முன்னால் யாளித் தூண் மண்டபம் நாயக்கர் காலம். அதற்கும் முன்னால் தகரக் கொட்டகை, சட்டமன்றத் தேர்தல் காலம். இப்போது குடமுழுக்கு வருகிறது. கருவறையைச் சுற்றி வருகிற திருச்சுற்றுக்குத் தரைக்கல் போடும் பொறுப்பு தாராவிச் சங்கத்துக்குக் கிடைத்தது. ஒவ்வொரு கல்லிலும் ஒரு குடும்பத்தின் பேர். கீழத்தெருக்காரர்கள் கொடிமரத்தைத் தாண்டாத காலத்தை இந்த அறையிலிருந்த பாதிப் பேர் கண்ணால் பார்த்தவர்கள். கருவறைச் சுவரை ஒட்டின முதல் வரிசையில் பதினோரு கல், குலுக்கல் வைத்தார்கள். வெயிலுமுத்து மட்டும் குலுக்கலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தனக்கு வடக்குப் பக்கத்தில், அபிஷேகத் தண்ணீர் விழும் கோமுகைக்கு நேர் கீழே உள்ள கல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கினார். பிடிவாதமே தெரியாத மனிதர். அன்றைக்கு வீட்டில் எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள்.

ஷாலினி மாட்டுங்காவில், பழைய கட்டடங்களை அளந்து வரைந்து கொடுக்கும் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள். குடும்பத்தில் முதல் பட்டம். பழைய கல்வெட்டு எழுத்தை வாசிக்கவும் அங்கேதான் பழகினாள். சங்கத்துக்காக அவள் சும்மாவே வரைந்து கொடுத்தாள். ஊரிலிருந்து அளவெல்லாம் வாட்ஸப்பில் வந்தது. மழைத் தண்ணீர் வடிய இரண்டு அங்குலம் உயர்த்தினால் போதும் என்றாள். “ஏழு வை” என்றார் அப்பா. எதுக்குப்பா என்றதற்கு, “நம்ம போடுத தரை. எடுப்பா இருக்கட்டும்” என்றார். பாவம், ஆசை என்று நினைத்து ஏழு வைத்தாள். பெருமையோடு கீழே தன் பேரையும் போட்டாள்.

ஒன்பது நாளுக்கு முன் ஊரிலிருந்து ஒரு போட்டோ வந்தது. கல் பதிக்குமுன் சுவரடியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியிருந்தார்கள். எத்தனையோ காலத்துச் சுண்ணாம்பு உரிந்து விழுந்த இடத்தில் எழுத்து. வரிவரியாய் எழுத்து.

“சுவருல எழுத்து இருக்கது எல்லாக் கோவில்லயும் உள்ளதுதான” என்றான் செயலாளர் வேல்ராஜ். ஷாலினிக்குப் பெரியம்மா மகன். பாந்திராவில் கூரியர் கம்பெனி சூப்பர்வைசர். “இதுக்குப் போயி ஏன் வம்பு, லஃப்டால்லாம் பண்ணுத?”

“அண்ணே, நீ மொதல்ல தமிழ் எழுத்துக் கூட்டி வாசி. பெறகு சொல்லு.”

“அதுக்குத்தான் கல்லுல இங்கிலீஷ்லயும் பேரு போடச் சொன்னேன். எங்க பிள்ளையளாவது வாசிக்கும்.”

இரண்டு பேர் சிரித்தார்கள். கரீம் பாட்சா, “எனக்கென்ன, அரபிலகூட வெட்டித் தாரேன்” என்றார். “திருநெல்வேலிக் கல்லு லாரி ஏறி பம்பாய் வந்து, பேரு வெட்டிக்கிட்டு திரும்ப திருநெல்வேலி போவுது. நான்கூட ஊருக்கு அத்தன தடவ போனதில்ல.”

ஷாலினிக்குச் சிரிப்பு வரவில்லை. போனைத் திறந்து படத்தைப் பெரிதாக்கிப் பூதத்தானின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“பாருங்க பெரியப்பா. சுவரு இந்தப் பீடத்து மேலதான் நிக்கி. மேல உருண்டு திரண்டு இருக்கே, இது குமுதம். அதுக்குக் கீழ பட்டையா இருக்க கல்லு ஜகதி. சுவருல ராஜா புகழ் எழுதிருக்கு. குமுதத்துல யாரு எந்த நிலத்தக் குடுத்தா, எல்லை எது, எல்லாம் எழுதிருக்கு. அதெல்லாம் ஏற்கெனவே படியெடுத்துட்டாவ. ஜகதியில, தரைய ஒட்டி, மூணு வரி இருக்கு. அத இதுவரைக்கும் ஒருத்தரும் வாசிச்சதில்ல.”

“என்ன எழுதிருக்கு?”

“ஆளு.”

“ஆளுன்னா?”

“குளத்துக்குத் தெக்க உள்ள நிலத்த ஒருத்தன் கோவிலுக்கு வெலைக்கு எழுதிக் குடுத்திருக்கான். நிலம், நிலத்துல நிக்க மரம், கெணறு, அதுகூட ஆளு. மனுசங்கள. அவங்க மக்களும் மக்களோட மக்களும் சந்திரன் சூரியன் உள்ளவரைக்கும் கோவிலுக்கு அடிமைன்னு.” அவள் குரல் தானாக உயர்ந்தது. “பேரு போட்டிருக்கு. சாத்தன் பூதன். அவன் பெண்சாதி நங்கை. மக தேவி. அடுத்த பேரு பாதியில சிமென்டுக்குள்ள போவுது. இன்னும் எத்தன பேருன்னு தெரியாது. நம்ம ஏழு அங்குலத்தத் தூக்கி அது மேல வைக்கோம்.”

“ஏ தலைவரே, ஒம்ம பேருல்லா இருக்கு” என்றான் யாரோ பின்னாலிருந்து. இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. பூதத்தான் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“இவங்க நம்ம தாத்தா பாட்டின்னு நான் சொல்லல” என்றாள். “அதுக்கு ஆதாரம் இல்ல. ஆனா குளத்துக்குத் தெக்க எந்தத் தெரு இருக்கு, நீங்களே சொல்லுங்க.”

சொல்லவேண்டியிருக்கவில்லை. கீழத்தெரு அங்கேதான் இருக்கிறது.

“சரி. இப்ப என்ன பண்ணணும்ங்குத?” என்றான் வேல்ராஜ்.

“சுவர ஒட்டி ஒண்ணரை அடி விட்டுட்டுத் தரைய ஆரம்பிக்கணும். பழைய சிமென்டையும் எடுக்கணும். ஓடை மாதிரி இறங்கி இருக்கும், தண்ணியும் வடியும், எழுத்தும் வெளிய தெரியும். முதல் வரிசை மட்டும் கிடையாது. அந்தப் பதினோரு பேருக்கும் வேற எடம் குடுக்கலாம்.”

“வேற எடம்னா? செருப்பு வைக்கிற எடத்துலயா?” முதல் வரிசைக்காரர் ஒருவர் எழுந்தே விட்டார். “எங்கய்யா செத்துப்போனாரு. அவரு பேர அங்க போடப்போறேன்னு வாக்கு குடுத்திருக்கேன்.”

“வெள்ளிக்கிழம கல்லு பதிக்கிறாவ. இப்ப வந்து நிறுத்துன்னா மேலத்தெருக்காரன் என்ன சொல்லுவான்?”

“நாலு எழுத்து படிச்சதும் நமக்கே பாடம் எடுக்கா.”

பூதத்தான் கையை உயர்த்தி அமர்த்தினார். அவர் குரல் கடுமையாக இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. “தாயி, நீ படிச்ச பிள்ள. யோசிச்சுப் பாரு. நம்மள வித்த சீட்ட நம்மளே கழுவி விட்டு, லைட்டுப் போட்டுக் காட்டுவமா? எவன் ஒத்துக்குவான்? அது மண்ணுக்குள்ள போவட்டும். விட்டுரு.”

“வித்தவன் பேரு மேல குமுதத்துல ஜம்முன்னு இருக்கு பெரியப்பா. அவனுக்கு வெக்கமில்ல. வித்தவன விட்டுட்டு வித்துப்போனவள ஏன் மூடணும்?”

கீழே மெஷின் ஒன்று நின்று, தட்டுத்தடுமாறி மறுபடி ஓடியது. அப்போதுதான் கடைசி நாற்காலியிலிருந்து வெயிலுமுத்து பேசினார்.

“அது எனக்குத் தெரியும்.”

ஷாலினி திரும்பினாள். “என்னதுப்பா தெரியும்?”

“அங்க எழுத்து இருக்கது.” அவர் டேப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். “பள்ளிக்கூடத்துல மேலத்தெருப் பயலுவ சொல்லுவானுவ. ‘ஒங்க பாட்டன வாங்குன சீட்டு எங்க கோவில்ல வடக்குச் சுவருல, கோமுகைக்குக் கீழ இருக்குலே. போயி வாசிச்சுட்டு வா’ம்பானுவ. உள்ள விட்டாத்தான வாசிக்க? விட்டாலும் அந்த எழுத்து எனக்கு எங்க தெரியும்? அதச் சொல்லித்தான் சிரிப்பானுவ. தெனமும். அந்தச் சிரிப்புக்குத்தான் பதினாறு வயசுல ரயிலேறினேன். வேற எதுக்கும் இல்ல.”

அவர் யாரையும் பார்க்கவில்லை.

“முப்பது வயசுல மொதல்தடவ உள்ள போனேன். நீ அப்ப கைப்பிள்ள. எல்லாரும் சாமி பாக்கப் போனாவ. நான் நேர வடக்குச் சுவருக்குப் போனேன். சுண்ணாம்ப நகத்தால சொரண்டிப் பாத்தேன். இருந்துச்சு. டேப்ப வச்சேன். தரையிலருந்து எழுத்து முடியுத வரைக்கும் ஆறரை அங்குலம்.” டேப் அவர் விரலில் சட்டென்று சுருண்டது. “அரை அங்குலம் கூடத்தான் வைக்கச் சொன்னேன்.”

எடுப்பா இருக்கட்டும் என்றாரே. ஆசை இல்லை அது. குலுக்கலும் பிடிவாதமும் கோமுகையும் எல்லாம் ஒரே கணக்கு. தன் பேர் வெட்டின கல்லால் அந்தச் சிரிப்பை ஒரேயடியாக மூடப் பார்த்திருக்கிறார் மனிதர். அதற்கு மகள் கையை, மகள் படிப்பை, கீழே அவள் போட்ட கையெழுத்தை எடுத்திருக்கிறார். பொங்கி வந்தது கோபமா அழுகையா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குப் பொறுமை இல்லை.

“எங்கிட்ட சொல்லிருக்கலாம்லப்பா.”

“சொன்னா வரைஞ்சிருப்பியா?”

“மாட்டேன்.”

“அதான்.”

“அவனுவ சிரிச்சது எழுத்தப் பாத்து இல்லப்பா. ஒங்களுக்கு வாசிக்கத் தெரியாதுன்னுதான். எனக்கு வாசிக்கத் தெரியும். இப்ப சிரிக்கச் சொல்லுங்க பாப்போம்.”

“நீ அங்க ஒரு நாள்கூட இருந்ததில்ல” என்றார் வெயிலுமுத்து. முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். “நீ தாராவியில பொறந்தவ. உன்னப் பாத்து எவனும் அப்படிச் சிரிச்சதில்ல. சிரிக்க விடல நான்.”

கரீம் பாட்சா எழுந்து போய்ச் சாய்ந்திருந்த கல்லை ஒட்டி நின்றார், அது விழுந்துவிடும் என்பதுபோல.

“அந்தப் பொம்பள பேரு நங்கைப்பா” என்றாள் ஷாலினி. “அவ மக தேவி. அதுக்கடுத்த பேரு ஒரு பையனோட பேரா இருக்கலாம். அவ்வளவு வருஷத்துல நம்ம பக்கத்து ஆளு பேர எவனாவது எழுதி வச்சான்னா, இந்த மூணு வரியில மட்டும்தான். சந்தைமாட்டுக் கணக்கு மாதிரிதான் எழுதினான். இருந்தாலும் எழுதிருக்கான். அத மூட நான் படம் போட மாட்டேன்.”

“போட்டாச்சே ஏற்கெனவே” என்றான் வேல்ராஜ். “ஸ்தபதி கையில ப்ரின்ட் இருக்கு. நீ இல்லாமலே வேலை நடக்கும்.”

“தெரியும்.”

அவள் குனிந்து பையை எடுத்தாள். அப்போதுதான் எல்லாரும் அந்தப் பையைக் கவனித்தார்கள். ஆபீஸ் பை அல்ல. ஊருக்குப் போகிற பை.

“இது என்ன?” என்றார் பூதத்தான்.

“நாகர்கோவில் வண்டிக்கு டிக்கெட் எடுத்திருக்கேன். நீங்க சரின்னா கேன்சல் பண்ணலாம்னு இருந்தேன். திருநெல்வேலியில கலெக்டர் ஆபீஸ், அப்புறம் தொல்லியல்காரங்க ஆபீஸ், ரெண்டு எடத்துலயும் மனு குடுக்கப் போறேன். போட்டோ, அளவு, நான் போட்ட தரைப் படம் எல்லாம் உள்ள இருக்கு. இந்த ஏழு அங்குலம் தப்பு, வரைஞ்சது நான்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

“சங்கத்து மேலயா மனு?” என்று ஒருவர் நாற்காலியைத் தள்ளினார். “ஏ வெயிலு, ஒம்ம மவள அடக்கும் வே.”

வெயிலுமுத்து எழுந்தார். அவர் அடக்கப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவளும் பையை இறுக்கிக்கொண்டாள். அவர் இரண்டடி வந்து, பக்கத்தில் வராமலே நின்றார்.

“அந்த மனுவுல,” என்றார், “நான் சொன்னேன்னும் எழுதிருக்கியா?”

“எனக்கே இப்பத்தான தெரியும்.”

“எழுதுவியா?”

“மாட்டேன். ஆனா தகப்பனார் பேருன்னு ஒரு கட்டம் இருக்குப்பா. அது இல்லாம வாங்கமாட்டாங்க.”

டேப் அவர் கையில் பிரிந்தது, சுருண்டது. போ என்றோ போகாதே என்றோ ஒரு சொல் வரும் என்று அவள் மூன்று மூச்சு நின்றாள். வரவில்லை.

இரும்பு ஏணி பட்டறை நடுக்கத்தில் கடகடத்துக்கொண்டிருந்தது. முகத்தை ஏணிப் பக்கம் திருப்பி, பின்பக்கமாகவே இறங்கினாள். பாதி இறங்கும்போது மேலே ஒரே நேரத்தில் பத்துக் குரல்கள் கிளம்பின; அப்பாவின் குரல் அதில் இல்லை. கீழே முப்பிடாதியம்மாள் முந்தானையை வாயில் வைத்தபடி நின்றிருந்தாள்.

“எடுக்கச் சொல்லிட்டியா ஏட்டி?”

“சொல்லிட்டேன்மா.”

“அப்பா?”

“மேலதான் இருக்காவ. நீ போயி பக்கத்துல இரு.”

அடுத்த கேள்வி வருமுன் ஷாலினி பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, தோல் கட்டுகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவே சயான் ஸ்டேஷன் பக்கம் நடந்தாள்.