'பேத்' எழுத்துக்குள் ஒரு குடிப்பாட்டு

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் பாரிஸில் ஆப்பரா என்னும் பாட்டு நாடகத்தை இழுத்து மூடிவிடுவார்கள். பாட்டு இல்லாமல் இந்த ஊர் ஜனத்துக்கு சூப் இறங்காது. அதனால் ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்தில் ஆப்பரா பாடகிகளான எங்களையே கன்னியர் மடத்துக்குக் கூப்பிட்டு, திரைக்குப் பின்னால் நிறுத்தி, எருசலேம் அழிந்ததற்கு அழும் பைபிள் பாட்டான எரேமியாவின் புலம்பலைப் பாடவைப்பார்கள். போன மாதம் மேடையில் சூனியக்காரியாக அலறிய நான் இப்போது எருசலேமுக்காக அழவேண்டும்.

இந்த வருஷம் இசை ஃப்ளோரான் கோத்ரிமோனுடையது. ஆப்பரா, நடனம், மதுக்கடைப் பாட்டு, எதைக் கேட்டாலும் எழுதித் தருவார். ஆனால் ஐம்பது வயதாகியும் ஒரு கோயில்கூட அவரை இசை வேலைக்குச் சேர்த்துக்கொள்ளவில்லை. "கூத்துக்காரருக்கு பக்தி வருமான்னு பாக்கறேன்" என்று மடத்துத் தலைவி இந்த ஒரு நாள் மாலை வழிபாட்டைக் கொடுத்திருந்தார். தேறினால் மடத்தின் இசை ஆசிரியர் பதவி.

புதன் மதியம் ஒத்திகை. புலம்பலின் ஒவ்வொரு பத்தியும் ஒரு எபிரேய எழுத்தில் தொடங்கும். அந்த எழுத்தை மட்டும் நீட்டி நீட்டி இழைக்கவேண்டும். முதல் எழுத்து 'ஆலெஃப்' அமிர்தம். இரண்டாவது எழுத்து 'பேத்' தொடங்கியதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன இளிப்பு, பெரின்?"

"ஐயா, இது உங்க பழைய குடிப்பாட்டாச்சே! ஊரே குவளையைத் தட்டிக்கிட்டுப் பாடுதே!"

அவர் முணுமுணுத்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "அடக் கடவுளே! எழுதறப்ப தானா வந்துது, தெரியவேயில்ல. வேற எழுதறேன்."

"வழிபாட்டுக்கு மணி அடிச்சாச்சு, இனிமே என்னத்த எழுதுவீங்க? பேசாம உக்காருங்க. நான் பாத்துக்கறேன்."

மடம் பிதுங்கி வழிந்தது. எல்லாம் ஆப்பராவுக்கு வரும் அதே கூட்டம். ஒவ்வொரு திருப்பாடல் முடிந்ததும் வழக்கப்படி ஒரு மெழுகுவர்த்தியை அணைத்தார்கள். 'பேத்' வந்தது. நான்கு சுரம்கூடப் போகவில்லை, பின்வரிசையில் ஒரு செருப்பு தாளம் போட்டது. வேகத்தை இழுத்துப் பிடித்தேன் பாருங்கள்! பாதி வேகம், அப்புறம் அதிலும் பாதி. செருப்பு நின்றது. அந்தக் கும்மாளப் பாட்டுக்குள் இவ்வளவு அழுகை இருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. யாரோ விம்மினார்கள்.

முடிந்ததும் தலைவி கன்னியர் பகுதியைப் பிரிக்கும் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"அந்த ரெண்டாவது எழுத்து..."

"தாயே, மன்னிச்சிடுங்க, அது வந்து..." கோத்ரிமோன் இழுத்தார்.

"தெரியும். எங்க அண்ணன் பாடுவான், மேசையத் தட்டித் தட்டி. போருக்குக் கிளம்பின அன்னைக்கும் அதான் பாடினான். திரும்பி வரல. இருபது வருஷமா எனக்கு அழுகையே வரல." முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை ஈஸ்டர், இசை ஆசிரியரே. அதே மெட்டுல அல்லேலூயா போடுங்க. அவன் பாடின வேகத்துல."