கடைசி ஸ்வரம் யாருக்கு

நோட்ஸ்காரர் அந்த மூன்றாம் மாடி வீட்டுக்குள் நுழைந்தது ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. மாலை ஐந்து மணி ரயிலுக்கு டிக்கெட் சட்டைப்பையில் இருந்தது. வெளியூரில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. போய்ப் பேத்தியைக் கையில் வாங்க வேண்டும். நடுவில் ஒரு சின்ன வேலை, அவ்வளவுதான்.

இசையமைப்பாளர்கள் கிறுக்கித் தள்ளுவதை வாசிக்கிற மாதிரி சுத்தமாக எழுதிக் கொடுப்பது அவர் தொழில். வயலினுக்கும் பியானோவுக்குமாக ஒருவர் எழுதி, முடிக்காமலேயே செத்துப்போயிருந்தார். அதை முடித்துக் கொடுக்கச் சொல்லி அவர் மனைவி கூப்பிட்டிருந்தாள். பன்னிரண்டு பக்கம் முத்துமுத்தாக இருந்தது. கடைசி ஒரு வரிதான் பாக்கி.

“ஒரு மணி நேர வேலைம்மா” என்றார் நோட்ஸ்காரர்.

அவள் கதவைப் பூட்டிச் சாவியைப் பியானோ மேல் வைத்தாள். “அவரும் இதையேதான் சார் சொன்னார். மசி வாங்கிட்டு வந்து ஒரு மணி நேரத்துல முடிச்சிடறேன்னு கீழ போனவர், கடை வாசல்லயே போய்ச் சேர்ந்துட்டார். இனிமே முடிக்காம யாரும் இந்தப் படி இறங்கக் கூடாது.”

ஜன்னலோரம் வயலினோடு உட்கார்ந்திருந்த அவள் தங்கை, நோட்ஸ்காரரை மட்டும் பார்த்துச் சொன்னாள்: “அத்தான் பதினோரு வருஷமா அந்த ஒரு வரியைத்தான் எழுதிட்டிருந்தார். அந்தம்மா அதைச் சொல்லலையா சார்?”

நோட்ஸ்காரர் சட்டைப்பையிலிருந்த டிக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு கச்சேரியில், பியானோவில் அக்காவின் கடைசி ஸ்வரம் அடங்குவதற்குள் தங்கை எழுந்து வணங்கிவிட்டாள். கைதட்டல் மொத்தமும் வயலினுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. ஒரே வீடு, ஒரே சமையல், சேர்ந்து வாசிப்பதும் உண்டு. பேச்சுதான் கிடையாது.

முதல் நாள், வயலின் உச்சியில் போய்க் கரைகிற மாதிரி முடித்தார்.

“அப்ப நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன், அடைகாக்கவா?” என்றாள் அக்கா.

பியானோவில் முடித்தார்.

“அந்தம்மா ஸ்டூலை நகத்துற சத்தத்தையும் சேர்த்து எழுதிடுங்க சார். அதுவும் அவங்களுக்கே போகட்டும்” என்றாள் தங்கை.

இருவரும் ஒன்றாக முடிக்கட்டும் என்று எழுதினார். அக்கா பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை; கம்பிகள் கும்மென்று ஒலித்துக்கொண்டே இருந்தன. தங்கை விடுவாளா? வில்லில் மிச்சமிருந்த ஒரு சாண் நீளத்தை முக்கால் மணி நேரம் இழுத்தாள். அடுப்பில் பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகியது.

நோட்ஸ்காரர் மகள் வீட்டுக்குப் போன் செய்தார். எடுத்தது மனைவி. பிரசவத்துக்கு உதவ முன்பே அங்கே போயிருந்தாள்.

“என்னைப் பூட்டி வெச்சிருக்காங்க.”

“நல்லதாப் போச்சு. நம்ம வீட்டு அலமாரிக்கு நாலு வருஷமா கதவு மாட்டிட்டே இருக்கீங்க. அந்த வேலையையாவது முழுசா முடிச்சிட்டு வாங்க.”

இப்படியே ஆறு மாதம் போயிற்று. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஜன்னலோரம் வைத்திருந்த அவர் பையில் புறா கூடு கட்டி, குஞ்சு பொரித்து, குஞ்சும் பறந்துபோய்விட்டது. நோட்ஸ்காரர்தான் அங்கேயே இருந்தார். நூற்றுப் பதினேழாவது முடிவைத் தங்கை கிழித்துப் போட்ட அன்று போன் வந்தது: பேத்திக்குப் பல் முளைத்துவிட்டதாம்.

அன்று மத்தியானம் அவர் கடைசி வரியில் இருவருக்கும் எதுவுமே எழுதவில்லை. வெறும் மௌனம். அதன் தலைமேல், நீட்டிப் பிடிக்கச் சொல்லும் வளைவும் புள்ளியும்.

“சரி, மௌனத்துல முதல்ல அசையறது யாரு?” என்றாள் அக்கா.

“நான் கையைத் தூக்குவேன். இறக்கற வரைக்கும் ரெண்டு பேரும் அசையக் கூடாது. அசைஞ்சவங்க தோத்தாங்க.”

வாசித்தார்கள். நோட்ஸ்காரர் வலது கையைத் தூக்கினார். அறை அப்படியே உறைந்தது. அக்காவின் விரல்கள் கட்டைகள் மேல். தங்கையின் வில் அந்தரத்தில். தங்கையின் மூக்கில் ஈ வந்து உட்கார்ந்தது. அவள் கண்கூட இமைக்கவில்லை.

கடிகாரத்தில் மணி நாலு பத்து. ஐந்து மணி ரயில் இன்னும் தினமும் ஐந்து மணிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

தூக்கிய கை தூக்கியபடி இருக்க, இடது கையால் பியானோ மேலிருந்த சாவியை எடுத்தார். அக்காவின் விழிகள் மட்டும் அவர் பின்னாலேயே போயின. காற்றில் கதவு அடித்து மௌனம் கெட்டுவிடக் கூடாதே என்று, வெளியிலிருந்து பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினார்.

தெருவில் அவர் கையைப் பார்த்து நான்கு பஸ்கள் நின்றன. ஒன்றில் ஏறினார். ரயிலில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்து யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலை மகள் கதவைத் திறந்தாள்.

“என்னப்பா, வாசல்லயே நின்னு ஆசீர்வாதமா?”

“இன்னும் முடியலைம்மா.”

“எது?”

“மௌனம்.”

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: “பாத்தியா, இதையும் முடிக்காமதான் வந்திருக்கார்.”

மகள் குழந்தையை நீட்டினாள். “ரெண்டு கையாலயும் வாங்குங்கப்பா. துள்ளுவா, நழுவிடுவா.”

நோட்ஸ்காரர் அந்த அறையை நினைத்துப் பார்த்தார். இரண்டு பெண்கள், ஒரு ஈ. பேத்தி அவரைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினாள். அவர் கையை இறக்கினார்.

குழந்தை மார்பில் வந்து ஒட்டிக்கொண்டது. போன் அடித்தது. மகள் அதை அவர் காதில் வைத்தாள்.

“அருமையா முடிஞ்சுது சார்” என்றாள் அக்கா. “இப்பதான், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கையை எடுத்தோம்.”

“அதைக் கேளுக்கா, அதைக் கேளு” என்று பின்னாலிருந்து தங்கையின் குரல்.

“இருடி, கேக்கறேன். ஒரு சின்ன சந்தேகம் சார். கையை இறக்கும்போது அவ பக்கமா இறக்கினீங்களா, என் பக்கமா? நேர்ல வந்து ஒரு தடவை காட்டிட்டுப் போயிடுங்க. அப்படியே கதவையும் திறந்து விட்டுடுங்க.”

நோட்ஸ்காரர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். காலி. சாவி பேத்தியின் வாயில் இருந்தது. புதுப் பல்லால் அதைக் கடித்துக்கொண்டு, ஒரு கையால் அவர் காலரை இறுகப் பிடித்திருந்தாள்.

“இப்போதைக்கு அசைய முடியாதும்மா” என்றார்.